பழைய மோட்டார் ரூமைக் குட்டி வீடாக மாற்றும்போது: எந்த அறிகுறிக்கு என்ன வைத்தியம்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஒரு செங்கல் ரூம் கட்டாயம் நிற்கும். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது, அப்புறம் பல வருடங்களில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த கிணறுகள் ஒவ்வொன்றாக ஆயில் இன்ஜினுக்கும் மோட்டாருக்கும் மாறின, அவற்றை வைக்கத்தான் இந்த ரூம்களைக் கட்டினார்கள். இப்போது மோட்டார் போர்வெல்லுக்குள் இறங்கிவிட்டது, ரூம் சும்மா கிடக்கிறது. இதை இடித்துத் தள்ளாமல் வீடாக்க நினைப்பது நல்ல யோசனை. 10-க்கு 12 அடி என்றால் 120 சதுர அடி, தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 102 சதுர அடி. ஒருவரோ இருவரோ தங்கத் தாராளமாகப் போதும், சமையலுக்கும் குளியலுக்கும் மட்டும் பக்கத்தில் கொஞ்சம் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சுவர்கள் இன்றைய சுவர்கள் இல்லை. மண் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ வைத்துக் கட்டிய 9 இஞ்ச் அல்லது 13½ இஞ்ச் சுவர், கம்பி கிடையாது, காங்கிரீட் பெல்ட் கிடையாது, மேலே சீமை ஓடு அல்லது மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக் கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கிய தளம். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும், அப்படித்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. நான் பார்த்தவரை, வீடாக்கிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, அந்த ஈரம் வெளியேறும் வழியை சிமெண்டாலும் பெயின்டாலும் அடைத்ததால் வருபவைதான். அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி "தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போக வேண்டும்" என்பதாக இருக்கட்டும். எதைப் பூசுவது என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.

தரையில் கிணற்று விளிம்புக்கு இணையாக விரிசல் ஓடுகிறது

வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ரூமுக்குள்ளும் வெளியிலும் தரையைப் பெருக்கிவிட்டு, கிணற்றுப் பக்கச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு கோடு போகிறதா, கிணற்றுப் பக்கம் தரை கொஞ்சமாவது தாழ்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அப்புறம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, மேல் பகுதிக் கல்கட்டு உப்பியிருக்கிறதா, கல் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் மண் கிணற்றை நோக்கி நகர்கிறது என்று அர்த்தம். அந்த ரூமில் மனிதர்கள் படுத்துத் தூங்கக் கூடாது. கிணற்றுக் கட்டை ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிச் சரிசெய்யாமல் சுவரில் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், சரிசெய்ய முடியாது என்று அவர் சொன்னால் செங்கல்லைப் பிரித்தெடுத்துத் தள்ளி வேறு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரம் வரை ஈரம், வெள்ளையாக உப்பு பூக்கிறது, பூச்சு பொரிந்து விழுகிறது

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி, தப்பான வைத்தியம் அதிகம் நடப்பதும் இதற்குத்தான். பழைய ரூமுக்கு பேஸ்மட்டத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கும், கூடவே உப்பும் ஏறும், தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடும். அதைப் பார்த்ததும் கொத்தனார் பழைய காரையை உரித்துவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்து சிமெண்ட் பூசித் தருவார். ஆறு மாதம் அழகாக இருக்கும். அப்புறம் ஈரம் நாலடி உயரத்தில், சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே தெரியும். கீழே ஆவியாக முடியாத தண்ணீர் வழி கிடைக்கும் வரை மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் இது ஓதம்தானா, அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம்தானா என்று உறுதி செய்யுங்கள். ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது உள்காற்றின் ஈரம், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஈரம் எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்தில் இல்லாமல் ஒரு மூலையில் மட்டும் மேலிருந்து கீழாக இறங்கினால் அது கூரை வேலை, அதற்குக் கீழே "கூரை ஒழுகுகிறது" என்ற பகுதியைப் பாருங்கள்.

ஓதம்தான் என்றால் வேலை வெளியில் தொடங்குகிறது. பல வருடங்களாகக் கிணற்றில் தூர் வாரிய மண், வாய்க்கால் மண் எல்லாம் ரூமைச் சுற்றிக் குவிந்து, வெளித் தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். அதை வெட்டி எடுத்து வெளிமட்டத்தை உள்தரைக்குக் குறைந்தது அரை அடி கீழே கொண்டுவாருங்கள். தொட்டியிலிருந்து பாத்திக்குப் போகும் வாய்க்கால் சுவரை ஒட்டிப் போனால் நகர்த்துங்கள், பழைய டெலிவரிக் குழாய் சுவருக்குள் புகும் இடத்தில் கசிவு இருக்கிறதா பாருங்கள். ஓட்டுத் தண்ணீர் சுவர் ஓரத்தில் விழாமல் தள்ளிப் போக வையுங்கள். இவ்வளவும் செய்தாலே பாதி ரூம்களில் ஓதம் கண்ணுக்குத் தெரிய இறங்கிவிடும்.

அப்புறம் சுவர். ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை சிமெண்ட் பூச்சை முழுக்க எடுங்கள், சுத்தியலை ஓங்கி அடிக்காமல் உளியைச் சாய்த்து வைத்து உரிக்க வேண்டும், இல்லையென்றால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். சந்துகளில் உதிர்ந்து கிடக்கும் சாந்தை முக்கால் இஞ்ச் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தபடி காயவிட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நன்றாக நீர்த்து ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, அந்த மூன்றில் ஒன்றைச் செங்கல் தூளாக, அதாவது சுருக்கியாக மாற்றினால் ஈரமான இடத்திலும் நன்றாகப் பிடிக்கும். முதல் நாள் ஊற வைத்த கடுக்காய்த் தண்ணீரும் கொஞ்சம் வெல்லமும் சேர்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவர் கைப்பக்குவத்துக்கு விட்டுவிடுங்கள். ஒரே தடவையில் கனமாக அப்பாமல் அரை இஞ்சுக்கு மிகாமல் இரண்டு பூச்சாகப் பூசி, ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயில் நேரே படாமல் ஒரு வாரமாவது காப்பாற்ற வேண்டும். மேலே வெள்ளையடிப்பு மட்டும். பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்காதீர்கள், பட்ட பாடெல்லாம் வீணாகும். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீர்ப்பதாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும்.

இவ்வளவுக்கும் அடங்காத ஓதத்துக்கு, சுவரை இரண்டிரண்டு அடியாக, ஒன்று விட்டு ஒன்றாக, அடியில் வெட்டிக் கருங்கல் பலகையோ ஈரத்தடுப்புத் தாளோ சொருகலாம். 10-க்கு 12 ரூமுக்குச் சுற்றளவு 44 அடிதான், செய்யக்கூடிய வேலைதான். ஆனால் முட்டுக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

மழை நாளிலும் மூடாக்கு நாளிலும் மட்டும் சுவரில் திட்டுத் திட்டாக ஈரம், வெயில் வந்தால் காணாமல் போகிறது

திட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மூட்டை அடுக்கிய உயரத்தில், ஒரே ஒரு சுவரில் இருந்தால் அது உர உப்பு. மோட்டார் ரூமில்தான் யூரியாவும் பொட்டாஷும் வருடக்கணக்கில் சாய்த்து வைத்திருப்பார்கள், அது சுவருக்குள் இறங்கியிருக்கும். இந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் வெளியில் எவ்வளவு வடிகால் செய்தாலும் திட்டு போகாது. பூச்சை எடுத்துவிட்டு, குழைத்த களிமண்ணையோ ஊறவைத்து அரைத்த காகிதக் கூழையோ அரை இஞ்ச் கனத்துக்கு அப்பி முழுக்கக் காயும் வரை விடுங்கள், உப்பு கூழுக்குள் வரும், உரித்துத் தூர எறியுங்கள், இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். அப்படியும் விடாப்பிடியாக இருக்கும் செங்கற்களை மட்டும் எடுத்துவிட்டு வேறு வையுங்கள்.

பூச்சிமருந்து வைத்திருந்த மூலை என்றால் இந்தச் சிக்கனமெல்லாம் வேண்டாம். அந்த இடத்துப் பூச்சையும் மண் தரையையும் முழுக்க எடுத்து அப்புறப்படுத்துங்கள், எடுத்ததைக் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். தூங்கப் போகும் அறை இது.

புதுத் தளம் பிடிக்காமல் டைல்ஸ் பெயர்கிறது, தரையில் எண்ணெய் வாடை

ஆயில் இன்ஜின் ஓடிய தரை. டீசலும் கிரீஸும் ஊறிய காங்கிரீட்டில் எந்தக் கலவையும் ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவுவது மேலாகத்தான் உதவும். எண்ணெய் இறங்கிய ஆழம் வரை கொத்தி எடுத்து, கீழே மண்ணும் கறுத்திருந்தால் அதையும் மாற்றி, புதிதாக ஜல்லித் தளம் போடுங்கள். ஒன்று கவனம்: நடுவில் போல்ட்டு முளைத்து நிற்கும் இன்ஜின் பெட் இருக்கும், அதை உடைக்க பிரேக்கர் மெஷின் கொண்டுவரச் சொல்வார்கள். மண் சாந்துச் சுவருக்கு அந்த அதிர்வு ஆகாது, நேற்று வரை நன்றாக இருந்த மூலை மறுநாள் பிளந்திருக்கும். கை உளியில் உடைக்கட்டும், நாளானாலும் பரவாயில்லை. ஓரமாக இருக்கிற பெட் என்றால் போல்ட்டை மட்டும் அறுத்துவிட்டு, மேலே கடப்பாக்கல் போட்டு உட்காரும் திண்ணையாகவோ அடுப்பு மேடைக்கு அடியாகவோ வைத்துக்கொள்ளலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

சுவரில் படிப்படியாகச் சாய்ந்து ஏறும் விரிசல்

விரிசலைப் பார்த்ததும் அடைக்காதீர்கள். அது இன்னும் வளர்கிறதா, எப்போதோ வந்து நின்றுவிட்டதா என்று தெரிய வேண்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. கரிசல் மண்ணில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்தால்தான் விஷயம் முழுதாகத் தெரியும், ஏனென்றால் அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கி அஸ்திவாரத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

கரிசல்தான் காரணம் என்றால் சுவரைத் தைப்பதற்கு முன் சுற்றிலும் மூன்று நாலு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துத் தளம் போடுங்கள், அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்கும், ஆட்டம் குறையும். மரம் காரணம் என்றால் எந்த மரம் என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரில் பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று விரல் பருமனில் இருந்தால் வேரோடு எடுத்துவிடலாம், கை பருமனானால் இழுக்காதீர்கள், இழுத்தால் செங்கல்லும் வரும். வெட்டி, அடிக்கட்டையைச் சாகடித்து, அந்த இடத்துச் செங்கல்லை வரிசை வரிசையாகப் பிரித்து வேரை எடுத்துத் திரும்பக் கட்டுங்கள்.

நின்றுபோன விரிசலுக்கு, உடைந்த செங்கற்களை எடுத்துவிட்டு முழுச் செங்கல்லை விரிசலின் குறுக்கே கோத்து வைத்து, இடுக்குக்குள் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றி நிரப்பினால் போதும். சிமெண்ட் வைத்து அடைத்தால் அது சுற்றியிருக்கும் சுவரைவிட இறுகிவிடும், அடுத்த ஆட்டத்தில் பக்கத்திலேயே புதுசாகப் பிளக்கும்.

விரிசல் விரல் நுழையும் அகலம், அல்லது தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் வெளியே சாய்ந்திருக்கிறது என்றால், இதைப் படித்துச் செய்யாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

புது ஜன்னல் வைத்த பிறகு மேலே விரிசல்

லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்குப் பலகை போடாமல் உடைத்திருப்பார்கள், அல்லது லிண்டல் இரண்டு பக்கமும் போதிய அளவு சுவரில் உட்காரவில்லை. மண் சாந்துச் சுவரில் பக்கத்துக்கு முக்கால் அடியாவது உட்கார வேண்டும் என்பது என் கணக்கு. உடைப்பதற்கு முன்னால் மேலே சுவரைத் துளைத்துக் கட்டை சொருகி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தாக வேண்டும், மூலையிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளித்தான் திறப்பு வர வேண்டும். இருக்கிற வாசலையும் வென்டிலேட்டரையும் பெரிதாக்குவது புதிதாக உடைப்பதைவிட எப்போதும் பத்திரமானது.

கூரை ஒழுகுகிறது

சீமை ஓடு என்றால் வருத்தப்பட ஒன்றும் இல்லை, உடைந்த ஓட்டை மாற்றி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் உளுத்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம்.

மெட்ராஸ் டெரஸ்தான் பொறுமை கேட்கும். மரக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குறுக்காக நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த கூரை அது. ஒழுகினால் இப்போதெல்லாம் மேலே இரண்டு இஞ்ச் காங்கிரீட் போட்டு விடுகிறார்கள். 120 சதுர அடியில் இரண்டு இஞ்ச் என்றால் 20 கன அடி, எடை ஏறக்குறைய 1,350 கிலோ. இத்தனை காலம் சுமந்த பழைய கட்டையின் தலையில் இவ்வளவையும் புதிதாக ஏற்றுகிறோம்! அதோடு காங்கிரீட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் மேலே போக முடியாமல் கட்டைக்குள் இறங்கும்.

கட்டையைப் பாருங்கள், குறிப்பாக அது சுவருக்குள் நுழைகிற நுனியை. நடுவில் கல்லு மாதிரி தெரியும் தேக்குக்கட்டை நுனியில் பொடிந்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை நுனியில் அழுத்துங்கள், கால் இஞ்சுக்கு மேல் லேசாக உள்ளே போனால் உளுத்திருக்கிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்று பேசும், உளுத்தது தொப்பென்று இருக்கும். நுனி மட்டும் போயிருந்தால் பக்கத்திலேயே இரும்பு உத்திரம் ஒன்றை, சுவரில் கல் வைத்து அதன் மேல் உட்காரவைத்துத் தாங்கிக்கொள்ளலாம். பல கட்டைகள் போயிருந்தால் கூரையைப் பிரித்து மாற்றுவதுதான் வழி, பிரிக்கும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது.

கட்டை நன்றாக இருந்து ஒழுகல் மட்டும் என்றால், மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தூம்புக்கு வாட்டம் இல்லாததுதான் முக்கால்வாசிக் காரணம், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம் அடுத்தது. அசையும் தட்டோடுகளை எடுத்து, வாட்டம் சரிசெய்து, சுண்ணாம்பும் சுருக்கியும் கலந்து சந்து நிரப்பிப் பதியுங்கள். முடிந்ததும் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வெயில் சூடும் கணிசமாகக் குறையும். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால் சந்துகளைப் பார்த்துக்கொண்டால் போதும்.

சுவரில் மண் கோடு, வாசக்காலைத் தட்டினால் பொள்ளென்கிறது

கரையான். மண் கோட்டை உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து ஊற்றுவது வழக்கமான முறை, ஆனால் பக்கத்தில் கிணறு இருக்கிற இந்த ரூமுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கல் வாசக்காலோ இரும்பு வாசக்காலோ வைத்து, கரையான் மேலே ஏறும் வழியில் மரமே இல்லாமல் செய்துவிடுங்கள்.

குளியலறை கட்டிய பிறகு அந்தச் சுவர் முழுக்க ஈரம்

பழைய ரூமுக்குள்ளேயே ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை ஆக்கியிருப்பீர்கள். அதைச் செய்யாமல் வெளியில், தனக்கென்று தனிச் சுவரோடு, பழைய சுவருக்கும் புதுசுக்கும் நடுவில் கை நுழைந்து சுத்தம் செய்யும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டுங்கள், மேலே மட்டும் கூரையை இணைத்துக்கொள்ளலாம். கழிவறைக் குழி கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும், தண்ணீர் ஓடும் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக. இடம் இல்லை என்று குறைக்கிற விஷயம் இல்லை இது, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறீர்கள்.

சுவரைத் தொட்டால் சுரீரென்கிறது

உடனே மெயினை இறக்குங்கள். ஈரச் சுவருக்குள் போன பழைய வயரும் செத்துப்போன எர்த்தும் சேர்ந்த கோளாறு. பழைய வயரிங் எதையும் வைத்துக்கொள்ளாமல் புதிதாக இழுத்து, புது எர்த் குழி போட்டு, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். மூன்று பேஸ் ஸ்டார்ட்டர் பெட்டி வீட்டுக்குள் இருக்கக் கூடாது, வெளியில் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். விவசாய இலவச சர்வீஸிலிருந்து வீட்டுக்கு லைட் எடுப்பது சட்டப்படி தப்பு, வீட்டு இணைப்பு தனியாக வாங்குங்கள், அதற்கு முன்னால் தோட்டத்து நிலத்தில் குடியிருக்கும் வீடாக அனுமதி வாங்க என்ன வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிவந்த பிறகு பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை, துணியில் முக்கல் வாடை

மேலே சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையில் அறைப் பக்கம் நனைந்தவர்களுக்கு இது. 120 சதுர அடிக்குள் சோறு பொங்கி, துணி காயப்போட்டு, இரண்டு பேர் தூங்கினால் அவ்வளவு ஈரமும் காற்றில்தான் இருக்கும், சில்லென்ற சுவரில் போய்ப் படியும். இந்த ரூம்களில் கூரைக்குக் கீழே எதிரெதிரே வென்டிலேட்டர் வைத்திருப்பார்கள், மோட்டார் சூடு போக வைத்தது. பாம்பு வரும், பல்லி வரும் என்று முதல் வேலையாக அதை அடைத்துவிடுகிறார்கள். அடைக்காமல் நெருக்கமான கம்பி வலை போட்டுத் திறந்தே வையுங்கள். அடுப்புக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பூத்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து ஒரு கோட் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.